தடை எதுவரை?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. அங்கே விசைத்தறியில் நெய்யும் துணி கடல் கடந்தும் போகிறது. சட்டப்படி அது வடகொரியாவுக்கும் போகலாம். அந்நாட்டுடனான வணிகத்தை இந்தியா 2017 ஏப்ரலில் தடை செய்தபோதும் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு அளித்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2397-ஆம் தீர்மானம் இரும்பு, எஃகு, உலோகக் கருவிகள், இயந்திரங்கள் அனைத்தையும் தடுத்துவிட்டது. காயத்துக்குக் கட்டும் துணி போகும். அதை வெட்டும் சாதாரணக் கத்தரிக்கோலுக்கு ஐ.நா. தடைக் குழுவின் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பணத்தைக் கைமாற்ற வங்கிகள் தயங்குகின்றன. அணுகுண்டு செய்யும் அரசைத் தண்டிக்கும்போது அந்நாட்டு நோயாளியின் மேலும் அடி விழலாமா? கூடாது. ஆயுதத்துக்கு உதவும் பொருளோடு தடை நின்றுவிட வேண்டும்.

அந்த அரசின் குற்றம் சிறியதல்ல. 1985-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2003-இல் விலகுவதாக அறிவித்து, 2006 அக்டோபர் 9 முதல் 2017 செப்டம்பர் வரை ஆறு முறை அணுகுண்டு வெடித்தது. இந்தியாவுக்கு இது எங்கோ தூரத்துச் செய்தியும் அல்ல. பாகிஸ்தான் 1998 ஏப்ரலில் சோதித்த கௌரி ஏவுகணை, வடகொரியாவின் நோடோங் ஏவுகணை வழிவந்தது. யுரேனியம் செறிவூட்டும் நுட்பம் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.கியூ.கானின் வலைப்பின்னல் வழியாக வடகொரியாவுக்குப் போனது. இவ்வளவு மனத்தாங்கலுக்கும் காரணம் இருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்று இந்தியா 2020 ஜூலையில் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள காசநோய் மருந்தை அந்நாட்டுக்கு அளிப்பதாக அறிவித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு காசநோயாளிக்கு இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை, பியாங்யாங்கிலும் அதே வேலையைத்தான் செய்யும். அதை ஏவுகணையாக மாற்ற எவராலும் முடியாது. சிகிச்சையை நடுவில் நிறுத்தினால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் திரும்பிவரும். அம்பு எய்வதற்கு முன்னால் பசுக்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடட்டும் என்று அறிவித்த பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றில் நெட்டிமையார் போற்றுகிறார். போரை விலக்காதவனும் போருக்கு ஓர் எல்லை வகுத்தான். பாண்டிய நாட்டு மண்ணில் இருந்து பேசும்போது அதை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு எதிர்வாதங்கள் வலுவானவை. உதவியைப் படையினரே சுருட்டிக்கொள்வார்கள் என்பது முதலாவது. அது நடக்கக்கூடியதே. ஆனால் பொருள் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க உள்ளே ஆள் வேண்டும். முற்றாக ஒதுக்கப்பட்ட நாட்டில் பார்க்கும் கண்களும் குறையும். கொரோனா காலத்தில் எல்லையை அடைத்து வெளிநாட்டுப் பணியாளர்களை வெளியேற வைத்தது வடகொரிய அரசே. அந்தப் பழி அதனுடையது. அதற்காக நாமும் வெளியிலிருந்து இன்னொரு பூட்டுப் போடுவது நியாயமாகாது. பேச்சுவார்த்தை ஏமாற்றுக்காரனுக்குத் தரும் பரிசு என்பது இரண்டாவது. அமெரிக்காவும் வடகொரியாவும் செய்துகொண்ட 1994 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பின் எட்டு ஆண்டுகள் வடகொரியாவின் யோங்ப்யோன் அணு உலை வளாகத்தில் புளூட்டோனியம் தயாரிப்பு முடங்கிக் கிடந்தது. மறைவில் யுரேனிய முயற்சி நடந்ததும் உண்மை. அதைச் சாக்காக வைத்து 2002-இல் உடன்பாடு கைவிடப்பட்டதும் முடங்கியிருந்த உலை மீண்டும் ஓடியது. நாலாண்டில் குண்டு வெடித்தது. சீனா, ஜப்பான், ரஷ்யா, அமெரிக்கா, இரு கொரியாக்கள் 2005 செப்டம்பரில் பெய்ஜிங்கில் ஒப்புக்கொண்ட அணு ஆயுதக் கைவிடல் அறிக்கையும், மக்காவ் வங்கி ஒன்றில் இருந்த சுமார் இரண்டரைக் கோடி டாலர் வடகொரியக் கணக்குகள் முடக்கப்பட்ட தகராற்றில் சிக்கி நின்றது. அரைகுறையாகக் கட்டுப்பட்ட எதிரி, கட்டே இல்லாத எதிரியைவிட ஆபத்துக் குறைந்தவன். வடகொரிய ஏவுகணைகளின் நிழலில் வாழும் அண்டை நாடுகள் மேசையில் இருந்தபோதுதான் யோங்ப்யோனின் குளிர்விப்புக் கோபுரம் 2008 ஜூனில் தகர்க்கப்பட்டது. அது முழு வெற்றியல்ல. 2009-இல் வடகொரியா மேசையை விட்டு எழுந்துபோனது. இருந்தும் கண்ணுக்குத் தெரிந்த பலன் பேச்சில் கிடைத்ததே.

1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் இந்தியாவும் தடைகளைச் சந்தித்தது. அவற்றால் இந்தியா குண்டைக் கீழே வைத்துவிடவில்லை. இந்தியாவின் ஜஸ்வந்த் சிங்கும் அமெரிக்காவின் ஸ்ட்ரோப் டால்பட்டும் பல சுற்றுகள் நடத்திய உரையாடலே உறவைச் சீராக்கியது. இந்தியாவும் வடகொரியாவும் ஒன்றல்ல: இந்தியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே இல்லை, இங்கே மக்கள் ஆட்சியை மாற்ற முடியும். ஆனால் தடைக்கு ஆளான அனுபவம் உள்ள நாட்டுக்கு இதில் பேசும் தகுதியும் கடமையும் கூடுதல். 2021-இல் மூடிய பியாங்யாங் தூதரகத்துக்கு 2024 இறுதியில் இந்திய அதிகாரிகள் திரும்பியிருக்கிறார்கள். மருத்துவமனைப் பொருள்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும் முறையை ஒழித்து, நிலையான விலக்கு அளிக்குமாறு தடைக் குழுவிடம் தில்லி வாதாட வேண்டும்.