நோயைச் சொல்லாமை பொய்யாகுமா?

உத்தியோகத்திற்கு விண்ணப்பஞ் செய்யும் ஒருவர், தமக்கு நெடுங்காலமாக உள்ள வியாதியை அவ்விண்ணப்பத்திலே வெளியிடல் வேண்டுமா? வெளியிடாவிடின் அது பொய் சொல்லிய குற்றமாகுமா? இவ்வினாவைச் சென்ற வருடம் எம்மிடம் கேட்டவள் எமது பழைய மாணாக்கி ஒருத்தி. பட்டம் பெற்றுத் தனியார் பாடசாலையொன்றிலே ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்க இருந்தாள். சிறு வயது முதற் காக்கைவலிப்பு உடையவள். நாடோறுந் தவறாது மாத்திரை உட்கொண்டு வருதலால் நான்கு வருடமாக வலிப்பு வந்ததில்லை. "ஐயா, நான் சொல்லத்தான் வேணுமோ?" என்றாள். யாம் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இற்றைக்கு இருபது வருடங்களுக்கு முன், இதே வியாதியுடைய மாணாக்கன் ஒருவன், கடையொன்றிலே கணக்கெழுதும் வேலையின்பொருட்டு எம்மிடம் நற்சான்றுப் பத்திரம் வேண்டி நின்றான். யாம் மிஷன் பாடசாலையிலே கற்றவர். பாதியுண்மையும் பொய்யே என்று அங்கே பெற்ற போதனை எம்முள் ஆழ வேரூன்றி இருந்தது. ஆதலால், அவன் கணக்கிலே வல்லவன், நேர்மையுடையவன் என்று எழுதியபின், இடையிடையே வலிப்பினால் வருந்துபவன் என்று ஒரு வரியுஞ் சேர்த்தோம். வேலை கிடைக்கவில்லை. அவன் பின்னர் எம்மை வந்து கண்டதுமில்லை. உண்மை சொன்னோம் என்னுந் திருப்தியோடு யாம் இருந்தோம். அவ்வுண்மை யாருடையது, அதைச் சொல்ல எமக்கு அதிகாரந் தந்தவர் யார் என்னும் வினா எம் மனத்தில் எழுந்தது மிகவும் பிந்தியே.

இதுபற்றி மேனாட்டு அறிஞரிடையே 1797 ஆம் ஆண்டிலே ஒரு வாதம் நிகழ்ந்தது. உண்மை கூறுதல் கடமையே. ஆயினும் அவ்வுண்மையைப் பெறும் உரிமை உடையவனுக்கே அக்கடமை உண்டு என்றார் பெஞ்சமின் கொன்ஸ்தான். இம்மானுவேல் காண்ட் அதனை மறுத்து, கொலைஞன் வந்து கேட்பினும் பொய் கூறலாகாது என்றார். காண்ட் என்பவரின் கடுமையை எடுத்தோதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சொல்வதெல்லாம் உண்மையாதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. உள்ளதெல்லாஞ் சொல்லல் வேண்டும் என்பது அவர் கொள்கையன்று. பொய் வேறு, பேசாமை வேறு. நற்சான்றுப் பத்திரத்திலே அவ்வரியை எழுதாது விட்டிருப்பின் யாம் பொய்யர் ஆகியிரோம்.

ஆனால், பேசாமையும் எவ்விடத்துங் குற்றமற்றதாகாது. மோட்டார் வண்டி ஓட்டும் வேலைக்கும், உயர்ந்த சாரத்தின்மீது நின்று செய்யும் வேலைக்கும் வலிப்புடையோன் மறைத்துப் புகுவானாயின் தன்னுயிரோடு பிறருயிரையும் பணயம் வைத்தவனாவான். அங்கே தலைவனுக்கு அறியும் உரிமை உண்டு. கணக்கெழுதுதலிலும் வகுப்பிலே தமிழ் கற்பித்தலிலும் அவ்வகை அபாயம் எங்கே? காக்கைவலிப்பு மூளையின் மின்னியக்கத்திலே நேருங் குழப்பம். புத்திக் குறைவுமன்று, தொற்றுநோயுமன்று. தக்க மருந்தை முறையாக உட்கொள்வோருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழ்தல் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. சலரோகமுந் தொய்வும் உடையவர்கள் எத்தனை பேர் நமது ஆசிரியர் அறைகளிலே இருக்கின்றனர்! அவர்களை விண்ணப்பத்திலே யார் விசாரித்தார்? வலிப்புக்கு மாத்திரம் இவ்விசாரணை ஏன்? காண்போரின் அச்சமே காரணமன்றிப் பிறிதில்லை.

சட்டங்களும் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தன. பிரித்தானியாவிலே 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வேலை தருவதாகச் சொல்லுமுன் விண்ணப்பகாரரின் சுகநலத்தை விசாரித்தலைச் சில விலக்குகளோடு தடுத்தது. முதலிலே தகுதியைப் பார்த்துத் தீர்மானித்தபின் உடம்பைப் பற்றிக் கேட்க என்பது அதன் கருத்து. இலங்கையிலே 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரை அக்காரணம்பற்றி வேலைக்குச் சேர்த்தலிலே பாரபட்சமாக நடத்தலாகாது என்றது. சட்டம் இருக்கவும், நேர்முகப் பரீட்சையிலே வேறொரு காரணஞ் சொல்லி அனுப்பிவிடுதல் எளிது என்பதை யாவரும் அறிவர். பெண்ணாயின் இன்னொரு துன்பமும் உண்டு: விண்ணப்பத்திலே எழுதியது கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்கு அவளுக்கு முன்னே போய்ச் சேரும்.

இனி, வலிப்பு உண்டா என்று பத்திரத்திலே நேரே கேட்டிருப்பின்? இங்கேதான் எமக்கு இடர்ப்பாடு. கேட்டவருக்கு உரிமையில்லை, ஆதலால் இல்லையென்று எழுதுக என்பார் கொன்ஸ்தான் வழிச் செல்வோர். யாம் அவ்வாறு சொல்ல அஞ்சுகின்றோம். இல்லையென்று ஒருமுறை எழுதினவள் முப்பது வருடம் மாத்திரையை ஒளித்து விழுங்கல் வேண்டும். வகுப்பிலே வலிப்பு வரின், செய்வது அறிந்தவர் அருகில் ஒருவரும் இரார். விடையெழுதாது விடுதலும் ஒருவகையில் உண்டென்று சொல்லியதாகவே முடியும். அநியாயமான வினா நல்லவரை இவ்வாறு மூலையிலே தள்ளுகின்றது. அப்பழி கேட்டவரைச் சார்ந்ததேயன்றி அவளைச் சார்ந்ததன்று. வைத்தியர் பரிசோதிக்குமிடத்து மறைத்தல் ஆகாது என்பதிலே மாத்திரம் எமக்கு ஐயமில்லை.

ஆதலால் அவளுக்கு இவ்வாறு சொன்னோம்: கேளாத இடத்திலே எழுதாதே, கேட்டால் இல்லையென்னாதே, நியமனங் கிடைத்தபின் அதிபருக்கும் அடுத்த வகுப்பு ஆசிரியைக்கும் நீயே சொல். நல்வினையாக அப்பத்திரத்திலே அவ்வினா இருக்கவில்லை. வேலையேற்ற முதல் வாரத்திலே இருவருக்குஞ் சொன்னாளாம். அதிபர் சற்று முகம் மாறி, முன்னமே சொல்லியிருக்கலாமே என்றாராம். "முன்னமே சொல்லியிருந்தால் என்னை எடுத்திருப்பீர்களோ, சேர்?" என்று அவள் கேட்டபோது அவர் விடை சொல்லவில்லையாம். அடுத்த வகுப்பு ஆசிரியையோ, வலிப்பு வந்தால் கையிலே திறப்பைக் கொடுப்பதா என்று வினவினாராம். இரும்பு கொடுத்தலும் வாயிலே எதையேனுந் திணித்தலும் ஆகா. ஒருக்களித்துக் கிடத்தி, தலையின் கீழ் மெத்தென்ற ஒன்றை வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்க. ஐந்து நிமிடங் கடந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க என்று இவள் ஒரு தாளிலே எழுதிக் கொடுத்தாள். அத்தாள் இப்பொழுது அவ்வாசிரியையின் மேசை லாச்சியிலே இருக்கின்றது.

அந்தப் பழைய மாணாக்கன் கொழும்புக்குப் போய்விட்டான் என்று கேள்வி. அவனுடைய விலாசத்தை விசாரித்து வருகின்றோம்.