தராசின் மறுதட்டு



கள்ளாமை விரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தினுள், மிகுத்தளந்து வாங்கலையும் குறைத்தளந்து விற்றலையும் ஒரே குற்றமாக வைத்தார் உமாசுவாமிகள். தத்துவார்த்த சூத்திரம் 7ஆம் அத்தியாயத்தில் காணலாம்.

வந்தவாசிப் பக்கம் நாம் அறிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், பொட்டலக் காகிதம் போன்ற மற்றொரு தாளை எடைக்கல் தட்டிலும் இட்டே நிறுப்பார். எதிர்க்கடையிலோ தடித்த காகிதமும் வெல்லத்தின் விலைக்கே விற்கும். ஆயினும் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு. ரொக்கமாயின் அங்கே, கடனாயின் இவரிடம் என்று நம்மவர் பலர் நடந்தோம். (இதனை எழுதும் நாமும் விலக்கல்லோம்.)

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக மனைவியின் வளையல் அடகுக்குச் சென்ற மாதத்திலும் அந்தத் தாள் தட்டினின்று அகலவில்லை. விரதம் ஏற்றவர் அவர். வாங்கும் நமக்கு அதில் கடமையில்லையா? அவருடைய பற்றுவரவு ஏட்டில் நம் பெயர்கள் இன்னும் உள்ளன. வீரநிர்வாண நாளுக்குள் சென்று தீர்ப்போம்.