எண்ணிக்கையும் இரக்கமும்

வனசீவராசிகள் பற்றிய உயர்கல்வி பெருநகரங்களுக்கு மட்டுமே உரியதன்று. காவிரிப் படுகையில், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் அமைந்த ஏ.வி.சி. கல்லூரி வனவிலங்கு உயிரியலை முதுகலைப் பாடமாகக் கற்பித்து வந்துள்ளது. அதன் தெற்கே, கடலோரத்தில், 1967 இல் நிறுவப்பட்ட கோடியக்கரைச் சரணாலயம் வெளிமான்களுக்கும் வலசைப் பறவைகளுக்கும் புகலிடமாகும்.

இத்தகைய களத்தில் நிற்கும் மாணவனை ஓர் அறவினா எதிர்கொள்கின்றது. வெளிமான் புல்வெளியை நம்பி வாழ்வது. அப்புல்வெளியிலேயே, மனிதர் ஒருகால் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்களும் கட்டற்று மேய்கின்றன. மனிதர் கொணர்ந்த சீமைக்கருவேலமும் படர்ந்து புல்நிலத்தைக் குறுக்குகின்றது. மானைக் காக்கும்பொருட்டுக் குதிரையை அகற்றுதல் தகுமா? இனத்தின் நலனை நோக்குவோர் தகும் என்பர். தனியுயிரின் துன்பத்தை நோக்குவோர் தயங்குவர்.

உயிரியல் தனித்து இதற்கு விடையளிக்காது. விலங்குகள் எத்தனை, புல் எவ்வளவு, பற்றாக்குறை எப்பருவத்தில் என அது எண்ணிக் கூறும். எதனை இழக்கலாம் என்று கூறாது. ஆயினும் எண்ணத் தெரியாத இரக்கம் கண்முன் நிற்கும் குதிரைக்கு இரங்கி, மெல்ல அருகும் மானை மறந்துவிடும். இரக்கமற்ற எண்ணிக்கையோ குதிரையின் வலியைக் கணக்கிற் சேர்க்காது.

இருவகை விலங்குகளும் இந்நெருக்கடியைத் தேடிக்கொண்டவை அல்ல. அதனை விளைத்தவன் மனிதன். ஆதலின் முதற்சுமையும் அவனுடையதே. கருவேலத்தைக் களைந்து புல்லை மீட்டல் முதற்கடன். அதன் பின்னரும் குதிரைகளை அகற்ற நேரின், கொல்லாது வேறிடம் சேர்த்தல் அடுத்த கடன். இவ்வரிசையை உணர்த்தாத உயிரியற் கல்வி, எத்துணைப் பெரிய கல்லூரியில் வழங்கப்படினும், குறைக்கல்வியே.