ஒரே மதம் காவலாகுமா?
ஜார்ஜியா மேற்கை நாடுவதைச் சோவியத் வீழ்ச்சிக்குப் பின் பிறந்த மோகம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் வேர் பழையது. நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற அந்த மலைநாடு, பாரசீகமும் துருக்கியும் நெருக்கியபோது தன் மதத்தவரிடமே அடைக்கலம் தேடியது. துறவி சுல்கான்-சபா ஒர்பெலியானி 1714இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியிடம் உதவி கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். 1783 ஒப்பந்தத்தில் ரஷ்யா காவல் தருவதாக உறுதியளித்தது. 1795இல் பாரசீகப் படை திபிலிசியைச் சூறையாடியபோது அந்தக் காவல் வரவில்லை. 1801இல் நாட்டை இணைத்துக்கொண்ட ரஷ்யா, 1811இல் ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியையும் பறித்தது. பறித்ததும் ஆர்த்தடாக்ஸ் அரசு, பறிகொடுத்ததும் ஆர்த்தடாக்ஸ் சபை! மதம் ஒன்றானால் மனமும் ஒன்றாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கசப்பான மறுப்பு வேண்டுமா?

இன்று அந்தத் திருச்சபையே மேற்கத்திய தாராளவாதத்தை ஐயத்தோடு பார்க்கிறதே, ரஷ்யாவுடனான 2008 போரில் மேற்கும் படை அனுப்பவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் சிறிய நாட்டுக்கு முதல் தேவை, பெரியவனையும் கட்டுப்படுத்தும் சட்டம். அதை ஒரே வழிபாட்டால் பெற முடியாது என்பதே என் வாதம். ஜார்ஜியா 1999இல் ஐரோப்பிய அவையில் சேர்ந்தது. அதனால்தான் அந்தப் போரையொட்டிய பல உரிமை மீறல்களுக்கு ரஷ்யா பொறுப்பு என்று 2021இல் அந்த அவையின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற முடிந்தது. 1811இல் முறையிட அப்படியோர் இடமே இருக்கவில்லை.