பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

வளரும் பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அந்தச் சொல் அதன் காதில் விழாமல் காக்கவே பெற்றோர் பாடுபடுகிறார்கள். அறைக்கு வெளியே அழுகிறார்கள். உள்ளே வந்து, "ஒண்ணுமில்லை கண்ணு" என்கிறார்கள். பதினாறு வயதுக்கு அந்தப் பொய் புரியாமல் போகாது. புரிந்தபின் பிள்ளையும் கேட்பதை நிறுத்திவிட்டு, பயத்தைத் தனியே சுமக்கத் தொடங்கும்.

நோயைத் தெரிந்துகொண்ட பிள்ளையால் என்ன முடியும் என்பதற்கு ஒரு உதாரணம். கனடாவின் டெரி ஃபாக்ஸுக்கு 1977இல் எலும்புப் புற்றுநோய் வந்தபோது வயது 18. வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டின் குறுக்கே ஓடப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, தாய் பெட்டி முதலில் எதிர்த்தார். தந்தை ரோலி, எப்போது என்று மட்டும் கேட்டார். 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார் டெரி. நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981இல், 22 வயதில் அவர் மறைந்தார். அன்று எதிர்த்த தாய்தான் பின்னர் பல ஆண்டுகள் மகன் பெயரிலான ஓட்டத்துக்கு முன்நின்று உழைத்தார்.

இன்று எலும்புப் புற்றுநோயில் பலருக்குக் காலை எடுக்காமலே சிகிச்சை தர முடிகிறது. ஆகவே அஞ்சாமல் நோயின் பெயரைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் பிள்ளையே கேள்வி கேட்கட்டும். சிகிச்சையில் முடி கொட்டும் என்பதையும், மீண்டும் வளரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களை வரவிடுங்கள்.

பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால், எந்த உண்மையையும் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.