மண் நிறச் சுவர்



திருவருகைக் காலம் தொடங்கினாலே நம் பங்கில் வீட்டுக்கு வீடு பெயிண்ட் வாசனைதான். இந்த ஆண்டு மண் நிறங்களை அதிகம் பார்க்கிறேன்: காவி, செங்கல் நிறம், களிமண் பழுப்பு, காப்பிக்கொட்டை நிறம். "ஃபாதர், பழுப்பு அடிச்சா வீடு இருண்டுடுமா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். வெளிச்சம் குறைந்த கூடத்தில் நான்கு சுவருக்கும் அடித்தால் இருளத்தான் செய்யும். ஜன்னல் வெளிச்சம் விழும் ஒரு சுவருக்கு மட்டும் அடித்து, மற்றவற்றுக்குச் சந்தன நிறம் கொடுங்கள். திருஇருதயப் படம் மாட்டியிருக்கும் சுவராக அது இருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

காவிக்கும் பழுப்புக்கும் நிறம் தருவது மண்ணில் கலந்திருக்கும் இரும்பு. மாங்கனீசும் சேர்ந்தால் பழுப்பு அடர்கிறது. நம் குருதியைச் சிவக்க வைப்பதும் இரும்புதான். ஆண்டவர் மண்ணால் மனிதனை உருவாக்கினார் என்கிறது தொடக்கநூல். அதை நாம் திருநீற்றுப் புதனன்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். நாமும் மண்தான் என்பதை மறந்துவிட்டோமே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலின் தொடக்கத்திலேயே வருந்துகிறார். தினமும் கண்ணில் படும் சுவரில் அந்த நிறம் இருக்கட்டும்.

விவிலியத்துக்கு வீட்டுச் சுவரின் மேல் அக்கறை உண்டு. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படை கண்டால் குருவை அழைத்துக் காட்ட வேண்டும், அது பரவினால் கல்லைப் பெயர்த்து, சுரண்டி, புதுச் சாந்து பூச வேண்டும் என்று லேவியர் நூல் 14ஆம் அதிகாரம் விரிவாகச் சொல்கிறது. ஓதம் ஏறிய சுவரைப் பெயிண்டால் மூடி மறைக்காதீர்கள்.

ஆனால் என் மனத்தை உலுக்குவது எரேமியா 22ஆம் அதிகாரம். யூதாவின் அரசன் யோயாக்கிம், எகிப்துக்குக் கப்பம் கட்டுவதற்காக மக்களைக் கசக்கி வரி வாங்கியவன். அதே காலத்தில் தனக்கு மாளிகை எழுப்பினான். விசாலமான மாடி அறைகள், பெரிய சாளரங்கள், கேதுரு பலகை, அதன்மேல் சிவப்பு வண்ணம். இறைவாக்கினர் அந்த வீட்டைப் பார்த்து 'ஐயோ கேடு' என்கிறார். ஏன்? வேலை வாங்கிவிட்டு அவன் கூலி கொடுக்கவில்லை. அவன் தந்தை யோசியாவும் உண்டு குடித்து நன்றாகத்தான் வாழ்ந்தார். ஆனால் ஏழைக்கு நீதி வழங்கினார். அதுவே தம்மை அறிவது என்கிறார் ஆண்டவர். அழகான வீட்டின் மேல் கடவுளுக்குக் கோபமில்லை, பிள்ளைகளே. கூலி பாக்கி இருக்கும் வீட்டின் மேல்தான் கோபம்.

உங்கள் வீட்டில் பட்டி பார்க்கிறவரை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தேய்த்து, அந்தத் தூசியை விழுங்குகிறார். 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் தயாராகும் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு முன் அடித்த பழைய பூச்சில் அதிகம் இருக்கலாம். அந்தத் தூசி அவருக்கும் ஆகாது, உங்கள் குழந்தைகளுக்கும் ஆகாது. காய்ந்த சுவரைத் தேய்ப்பதற்கு முன் நனைக்கச் சொல்லுங்கள், நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது இணைச்சட்டம். "பண்டிகை முடியட்டும், அப்புறம் வா" என்று பெயிண்டரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் வீட்டிலும் பண்டிகை உண்டு. போன ஆண்டுப் பாக்கி யாருக்காவது இருந்தால், குடில் கட்டுவதற்கு முன் அதைக் கொடுத்துவிடுங்கள்.