கதவில்லா வாயில்

மல்லேஸ்வரத்தில் வாழும் நாம் அடிக்கடி காடு மல்லேஸ்வரர் ஆலய வாயிலைக் கடந்து செல்கிறோம். அப்போதெல்லாம் ஒரு வினா நம் உள்ளத்தில் எழுவதுண்டு. அறநிலையத்துக்கு வாயில் எதற்காக? மக்களை உள்ளே அழைக்கவா, வெளியே நிறுத்தவா?

இது நமக்கு வெறும் சிற்பநூல் ஆராய்ச்சியன்று. நம் முன்னோர் கோபுரத்தைத் தொலைவில் நின்றே கண்டவர்கள். மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் ஒடுக்கப்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள்தான். ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்பார்கள். உள்ளே விடப்படாதவனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலோ அது என நாம் ஐயுற்றதுண்டு.

சாஞ்சிக்குச் செல்வோம். அங்குள்ள பெருந்தூபியின் நான்கு திசைகளிலும் நான்கு தோரணங்கள் நிற்கின்றன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையானவை. இரண்டு தூண்கள், மேலே மூன்று குறுக்குக் கற்கள், அவ்வளவே. கதவு என்பதே கிடையாது. தென்தோரணத்தில் ஒரு சிற்பத்தைச் செய்தவர்கள் விதிசா நகரத்துத் தந்தவேலைக்காரர்கள் என்று கல்வெட்டே கூறுகிறது. உழைப்பாளியின் பெயரை வாயிலில் பொறித்த சமயம் அது!

கீழைத் தோரணத்தில் சித்தார்த்தர் இல்லம் துறந்து செல்லும் காட்சி உண்டு. குதிரையின் மேல் குடை இருக்கிறது. குடையின் கீழ் ஆள் இல்லை. உள்ளே புகுவோன் முதலில் காண்பது ஒருவர் வெளியேறிய காட்சி! அரண்மனை வாயில் அவரைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கக்கூடியது அவருடைய பற்றேயாகும். தோரணத்தைக் கடந்தவனும் நேரே தூபியை அடைந்துவிட இயலாது. எதிரே கல்வேலி நிற்கும். திரும்பித்தான் வலம்வரும் பாதையைச் சேர வேண்டும். ஜப்பானியப் பௌத்த மடங்களின் பெருவாயிலோ சூனியம், நிமித்தமின்மை, வேட்கையின்மை என்னும் மூன்று விடுதலை வாயில்களைக் குறிப்பதாகும். அங்கே கழற்றி வைக்க வேண்டியது குலத்தையன்று, தன்முனைப்பையே.

அப்படியாயின் நம் மண்டபத்துக்குப் பூட்டு ஏன் என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். இரவில் விளக்கையும் உண்டியலையும் காக்கப் பூட்டு வேண்டியதே, அதில் தவறொன்றுமில்லை. நாம் அஞ்சுவது மரமின்றி, தாழின்றி நாமே செய்து மாட்டும் கதவுக்குத்தான். ஒரு பௌர்ணமிக் கூட்டத்துக்குப் புதியவர் ஒருவர் வந்திருந்தார். பஞ்சசீலம் ஓதி முடித்ததும் நம்மவர் சிலர் அன்போடுதான் அவரை அணுகினர். எந்த ஊர் என்றனர், சொன்னார். ஊரில் எந்தத் தெரு என்றனர். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். நாம் அனைவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.